மாதாவுக்குத் தைத்த திரை

“வூட்ல கிடக்கற பழைய துணியெல்லாம் கொண்டாங்க. வீணாக்காம ஒட்டுப்போட்டு, மாதா கோயில் திருவிழாவுக்குப் பெரிய திரை தைக்கலாம்” என்றார் சிஸ்டர்.

மாதாவுக்குப் போய்க் கிழிசலைக் கொடுக்க எங்களில் எவளுக்கு மனசு வரும்? ராயம்மாள் கல்யாணச் சேலையையே வெட்டினாள். நான் பெட்டியில் இருந்த ஒரே நல்ல சேலையைக் கொடுத்தேன்.

திருவிழாவுக்குத் தருமபுரியிலிருந்து விருந்தாளியாக வந்த அம்மாள் திரையைத் தடவித் தடவிப் பூரித்தார். “வேண்டாம்னு தூக்கிப் போடற துணியில இவ்வளவு அழகா!”

“யாருங்க தூக்கிப் போட்டது?” என்று வாயைத் திறந்த ராயம்மாளை சிஸ்டர் முறைத்தார்.

போட்டோவுக்காகத் திரைக்கு முன்னால் நின்றோம். நாங்கள் உடுத்தியிருந்த கிழிசல்களைப் பார்த்து அந்த அம்மாள் முகம் சுளித்தார்.

“நல்ல நாளும் அதுவுமா, கட்டிக்க ஒரு நல்ல சேலைகூடவா இல்ல உங்களுக்கு?”