ஒன்பது புள்ளிகள்

அக்கா போனில் ஒரு வரிதான் சொன்னாள். "மாமாவுக்குப் பேச்சு நின்னுடுச்சுடா." நான் போனபோது மாமா பேசப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரின் திரை கறுத்து, வெள்ளை எழுத்துகள் பாதியில் உறைந்து நின்றன.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நரம்பு நோயில் கை, கால், நாக்கு எல்லாம் போய், மிச்சம் கண் மட்டும்தான். திரைக்கு அடியில் இருக்கும் சின்ன கேமரா அவருடைய கருவிழி எங்கே திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். ஓர் எழுத்தை ஒரு விநாடி உற்றுப் பார்த்தால், அதை அழுத்தியதாகக் கணக்கு. அப்படி எழுத்துக்கூட்டியதைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். போன வாரம்கூட, "உன் தம்பி சட்டையைப் பார்த்தா எனக்குக் கண்ணும் போயிடும் போல" என்று வாசித்தது.

சாயங்காலம் டாக்டர் வருவதாக இருந்தது. தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் மாட்டலாமா என்பதை மாமாவே சொல்லட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்டேட் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் அக்கா. "எதுக்குங்க அதை அழுத்தினீங்க?"

மாமா அவளையே பார்த்தார்.

அப்டேட்டின்போது கம்ப்யூட்டர் தானே எழுதிவைத்த பதிவுகளைத் திறந்து மேலிருந்து படித்தேன். அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது, தன்னுடையதல்லாத மென்பொருள் ஏதாவது குறுக்கே நின்றால், இதை நீக்கிவிட்டுத் தொடரலாமா என்று கேட்கும். கேமராவின் மென்பொருள் அதை விற்ற கம்பெனி கொடுத்தது. கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்.

"அவர் அழுத்தலக்கா. படிச்சிருக்கார். படிக்கணும்னா பார்க்கணும், பார்த்தா அழுத்தின மாதிரி."

அக்கா தலையணையைச் சரிசெய்தாள்.

கம்பெனியின் மென்பொருள் வெளியேறும்போது முதலில் தன் கோப்புகளையெல்லாம் அழித்திருக்கிறது. பிறகு, ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்தப் பார்த்து, முடியாமல் விழுந்துவிட்டது. வரிசையில் ஒன்று விழுந்தால் பின்னால் நிற்பவை அத்தனையும் நிற்கும். நல்லவேளை, பழைய கெர்னல், அதாவது சிஸ்டத்தின் அடித்தளம், டிஸ்கில் அழியாமல் இருந்தது. அதைக்கொண்டு கிளப்பி, தொங்கிக்கொண்டிருந்த வேலையை முடித்து, கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றினேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒரு புள்ளி வந்தது.

ஆளுக்கு ஆள் கண் மாறும். அதனால் அந்த மென்பொருள் ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் கண் எப்படித் திரும்புகிறது என்று அளவெடுக்கும். பழைய அளவு அழிந்த கோப்புகளோடு போய்விட்டது. அது போன வருடம் எடுத்தது. அப்போது மாமாவின் இமைகள் முழுதாகத் திறந்தன.

மேல் வரிசை சரியாக வந்தது. நடு வரிசையும் வந்தது. கீழ் வரிசைக்குக் கண் இறங்கியதும் இமை சரிந்து கருவிழியை மூடியது. திரும்ப முதலிலிருந்து. அக்கா இமையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் கை கேமராவை மறைத்தது. டேப் ஒட்டினோம்; கண் எரிந்து நீர் கோத்தது, அதில் விளக்கொளி பட்டுக் கேமரா குழம்பியது.

"விடுடா," என்று டேப்பைப் பிரித்தாள் அக்கா. "ஏங்க, ஆமான்னா மேல பாருங்க. இல்லைன்னா கண்ணை மூடுங்க. மூச்சு மெஷின் வேணுமா?"

மூடினார்.

"வலிக்கும்னா?"

மூடினார்.

"பயமா இருக்கா?"

மூடினார்.

அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எனக்குக் கஷ்டம்னா?"

மேலே பார்த்தார்.

"அதை நான்ல சொல்லணும். நீங்க யாரு முடிவு பண்ண? சொல்லுங்க."

வாசல் மணி அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. நான் மறுபடியும் முதல் புள்ளியைத் திரையில் கொண்டுவந்தேன்.