நாற்பத்திரண்டாம் கல்

இருவருமே நாற்பத்திரண்டாம் கிலோமீட்டரில்தான் நின்றிருந்தார்கள். ஆனாலும் சந்திக்கவில்லை. சாலை மேஸ்திரிக்கு ஒன்பது நாட்களாகப் பிடிபடாத விஷயம் இது. அவருடைய அக்கா பைக்கின் பின்னால் வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறாள். மாமா பக்கத்திலிருந்த கல்லைப் பார்த்து, போனில் நாற்பத்திரண்டு என்று சொல்லியிருக்கிறார். அதோடு போன் அணைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து, பூஜ்யம் எழுதிய கல்லைத் தாண்டி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வந்து நின்றது. அக்கா மாமாவின் மடியிலேயே போய்விட்டாள்.

"அந்த டிரைவர் குடிச்சிட்டு எங்கயோ தூங்கியிருக்கான் மாப்ள. திங்கக்கெழம விசாரணையில அவன் வேலய காலி பண்ணிட்டுத்தான் எனக்கு மறுவேல" என்றார் மாமா.

ஆம்புலன்ஸ் டிரைவர் தான் நின்ற இடத்தைக் காட்டினார். "இங்கதாண்ணே அரை மணி நேரம் கத்திக்கிட்டு நின்னேன். மீட்டர் நாப்பத்திரெண்டு. இந்தக் கல்லு முப்பத்தொம்போதுங்குது. கெழட்டுக் கல்லு, அதுக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

மேஸ்திரி அளவுச் சக்கரத்தை எடுத்தார். ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர். சுற்றுக்கொரு முறை கைப்பிடியில் இருக்கும் எண் நகரும். பூஜ்யத்திலிருந்து தள்ளிக்கொண்டே நடந்தார். கல்லுக்குக் கல் ஆயிரம், பிசகவில்லை. இரண்டாம் நாள் இருபத்தேழாம் கல்லைத் தாண்டியதும் சாலை அணையைச் சுற்றிக்கொண்டு மேடேறியது. ஆயிரம் ஆனது, கல் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரத்தில்தான் இருபத்தெட்டு வந்தது.

கீழே தண்ணீர் வற்றிய இடத்தில் பழைய சாலையின் தார் தெரிந்தது. முதலில் அது மரம் ஏற்றிய வண்டிகள் போட்ட தடம். பிறகு கப்பிக்கல், பிறகு தார். அணை கட்டியபோது அதில் நேரான ஒரு கிலோமீட்டர் முழுகியது. அதற்குப் பதிலாகப் போட்ட சுற்றுப்பாதை நாலு கிலோமீட்டர். அப்படியானால் அதற்கப்புறம் உள்ள கற்களை எல்லாம் மூன்று கிலோமீட்டர் பின்னுக்கு இழுத்து நட்டிருக்க வேண்டும். நாற்பத்தாறு கற்கள். அன்றைய கூலியாட்களில் மேஸ்திரியும் ஒருவர். "கல்லப் பாத்தா வண்டி ஓடுது? இருக்கற எடத்துலயே இருக்கட்டும் விடுங்கப்பா" என்று சொன்னது அவர்தான். எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரிக்கு நட்டாயிற்று என்று எழுதிப் போட்டார்கள்.

அன்று மாலையே மாமாவிடம் போனார்.

"அந்த டிரைவர் குடிக்கல மாமா. கல்லுதான் தப்பு. அத மாத்தி நட வேணாம்னது நான்."



"உங்கக்கா தண்ணி கேட்டா மாப்ள. அந்தக் கல்லுலதான் சாய்ச்சு உக்கார வச்சேன்."

திங்கட்கிழமை விசாரணையில் மேஸ்திரி அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை பெயின்ட் டப்பாவோடு சாலைக்குப் போனார். தப்பைத் திருத்தும் வழி சுலபமானதுதான். எந்தக் கல்லையும் பிடுங்க வேண்டாம். சுற்றுப்பாதையில் ஆயிரம் மீட்டருக்கு ஒன்றாக மூன்று புதுக் கற்கள் நட வேண்டும். இருபத்தெட்டிலிருந்து கடைசிக் கல் வரை ஒவ்வொன்றிலும் மூன்றைக் கூட்டி எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் காத்து நின்ற கல், நாற்பத்திரண்டு. அக்கா சாய்ந்திருந்த கல், நாற்பத்தைந்து.