வேலை கிடைத்தால் போவீர்களா

நான் வேலை பார்த்த தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தை மூடிவிட்டார்கள். துணிகளை இனி வெளியே கொடுத்து வெளுக்கப் போகிறார்களாம். விடியற்காலையில் படுக்கை விரிப்புகளை உலர்த்தி மடித்துவிட்டு, கையில் சோப்பு வாசனையோடு வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்த எனக்குக் கல்லூரியில் கடைசிப் பருவம் மட்டும் மிச்சமிருந்தது. வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகை கிடைத்தால் படிப்பை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் பாதியில் விட்டுவிட்டு, அகப்பட்ட முழுநேர வேலையில் சேர வேண்டியதுதான்.

முதல் தடவை உதவித்தொகை அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், “வகுப்பு நேரத்துல வேலை கிடைச்சா போவீங்களா?” என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எந்தெந்த வகுப்பை மாலைப் பிரிவுக்கு மாற்றலாம், ஆய்வகத்தை என்ன செய்வது என்று. எனக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணினியில் எதையோ தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுவாரம் தகவல் வந்தது: வேலைக்குத் தயாராக இல்லாததால் உதவித்தொகை இல்லை, வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம்.

“அவர்கிட்ட என்னடா சொன்ன?” என்றாள் அக்கா.

“ஒண்ணும் சொல்லல.”

“மௌனம் சம்மதம்னு நம்ம வீட்ல செல்லும்டா. அங்க செல்லுமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க!”

மேல்முறையீட்டு நாளில் அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். சலவைக்கூட மேற்பார்வையாளரையும் அழைத்து வந்திருந்தாள். எப்போதும் புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுவதால் அவருக்கு நீராவி அண்ணன் என்று பெயர். அவருக்கும்தான் வேலை போயிருந்தது. அன்று அவர் தனக்காக வேலை தேடி அலைந்திருக்கலாம்; அதை விட்டுவிட்டு எனக்காக வந்திருந்தார்.

மேல்முறையீட்டை விசாரித்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். “படிப்பையும் வேலையையும் எப்படிச் சமாளிச்சார்?”

“துவாலைங்க மேடம்,” என்றார் நீராவி அண்ணன்.

“என்னது?”

“யாரால ஒரு நாள் வர முடியாதோ, அவங்க முந்தின நாளே சலவைக்கூடக் கதவுல தங்க துவாலையைத் தொங்க விடுவாங்க. முடிஞ்சவங்க எடுத்துக்கிட்டா அந்த வேலை அவங்களோடது. பரீட்சை வந்தா இவன் துவாலை தொங்கும். மத்த நாள்ல அடுத்தவங்க துவாலையெல்லாம் இவன் தோள்லதான் கிடக்கும். வேலை ஒரு நாளும் நின்னதில்ல.”

“வேணும்னா நானும் எழுதித் தர்றேன் மேடம், இவன்…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“நீங்க இருங்கம்மா. தம்பி சொல்லட்டும். பகல்ல வேலை கிடைச்சா போவீங்களா?”

மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் வகுப்புகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் நகர்த்திப் பார்த்தேன். சுவர் ஓரத்தில் மின்விசிறி ஒரு சுற்று திரும்பி வந்தது. அந்த அம்மாள் எதையும் தட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். இதுவரை என் பதிலுக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை.

“போவேன் மேடம். மத்த வகுப்பெல்லாம் சாயங்காலத்துக்கு மாத்திக்கலாம். ஆய்வகம் ஒண்ணுதான் மாறாது. அந்த ஒரு பொழுதுக்கு மட்டும், கூட வேலை செய்றவங்ககிட்ட மாத்திக் கேட்பேன். பதிலுக்கு அவங்க வேலையை நான் செய்வேன்.”

“இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“சொல்லத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன் மேடம். அதுக்குள்ள அடுத்தவரைக் கூப்பிட்டுட்டாங்க.”

நீராவி அண்ணன் புஸ்ஸென்று சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். மறுப்பை அன்றே நீக்கினார்.

தேர்வு முடிந்ததும் எனக்கு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த அம்மாளைத் தொலைபேசியில் அழைத்து, உதவித்தொகையை நிறுத்திவிடுங்கள் என்றேன்.

“பணம் ஏன் இன்னும் வரலன்னு கேட்கத்தான் இங்க எல்லாரும் கூப்பிடுவாங்க,” என்றார். பிறகு, “என்னைக்குச் சேர்றீங்க? அதுக்கு முந்தின நாள் வரைக்குமான தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. அதை விட்டுடாதீங்க தம்பி.”