எதிர்முனை

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் லீவு போட்டால் போதும், பாதி உலகத்து வங்கிகள் ஷட்டரை இறக்கிவிட்டு என்னைத் தேடி அலையும். மிகையில்லை. சரி, கொஞ்சம்தான் மிகை. இரண்டு ஊர்க் கிளைகளின் கணினிகளை இணைக்க இரண்டு ரவுட்டர் பெட்டிகள், நடுவே ஒரே ஒரு லைன். அப்படிப்பட்ட லைன்களுக்கெல்லாம் நான்தான் ராஜா.

லைன் கிடைத்ததும் ரவுட்டர்கள் தகவலை அள்ளிக் கொட்டிவிடாது. முதலில் சம்பந்திகள் மாதிரிப் பேரம் பேசும். "இவ்வளவு பெரிய பொட்டலமா அனுப்பட்டுமா?" என்று ஒன்று கேட்கும். மற்றது "சரி" என்னும். இல்லையென்றால் "அது தாங்காது, இவ்வளவு அனுப்பு" என்று திருத்தி அனுப்பும். என் மனைவி இரண்டாவது ரகம். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் திருத்தாமல் விட்டதில்லை. வெயில் அடிக்கிறது என்றால்கூட, "வெயில் எங்க இருக்கு, இது புழுக்கம்" என்பாள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. மருத்துவமனையில் அவள் கட்டிலருகே நானும் ஒரு நாற்காலியாகிவிட்டேன். ஒரு காலை, வழக்கம்போல "எழுந்தாச்சா?" என்றேன்.

"எழுந்தாச்சா" என்றாள்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டிடத்து நோயாளிகள்கூடக் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார்கள். மகளுக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா பேசிட்டாடி! உடனே கிளம்பி வா!"

"நிஜமாவாப்பா? புளுகாதீங்க."

"இந்த ஒரு தடவை புளுகலடி."

போனை வைத்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றேன்.

"தண்ணி வேணுமா."

"வெளியில நல்ல வெயில்."

"நல்ல வெயில்."

ஒரு திருத்தம்கூட இல்லை.

லைனின் நடுவே எங்காவது லூப் விழுந்துவிட்டால், நாம் அனுப்பியதெல்லாம் நமக்கே திரும்பி வரும். பார்ப்பதற்கு லைன் உயிரோடுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு ரவுட்டரும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்துத் தன் அடையாளமாக அனுப்புகிறது. பதிலுக்கு வேறு எண் வந்தால் எதிர்முனையில் ஆள் இருக்கிறது. தன் எண்ணே வந்தால், தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது.

சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. காதருகே குனிந்து, "கிழவி" என்றேன். அதற்கு அவளிடம் ஒரே பதில்தான்: "போடா கிழவா." உலகமே கவிழ்ந்தாலும் அது மாறாது.

என்னையே பார்த்தாள். "கிழவி" என்றாள்.

தோள் பையைக்கூட இறக்காமல் மகள் ஓடி வந்தாள். "அம்மா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கியா."

"நான் நல்லா இருக்கேம்மா! அப்பா, என்னைக் கேக்கறாப்பா!"

லூப் என்று தெரிந்துவிட்டால் லைனைத் துண்டித்துவிட வேண்டும், அதுதான் விதி. வாயைத் திறந்தேன். மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

"ஆமாண்டி," என்றேன். "காலையிலேர்ந்து உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. நடுவுல நர்ஸுங்களை வேற திட்டித் தீத்துட்டா."

"புளுகு மூட்டை!" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

போர்வையை இழுத்துவிட்டு மனைவியின் அருகில் உட்கார்ந்தேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"விட்டுட்டுப் போயிடாதே."

"விட்டுட்டுப் போயிடாதே" என்றாள்.

"போகலடி," என்றேன். "இங்கதான் இருக்கேன்."