மாணவருக்காக ஒதுக்கப்பட்டது

அண்ணன் குப்புறப் படுத்திருந்தான். மல்லாந்தால் முதுகு விடவில்லை, ஒருக்களித்தால் கால் மரத்துப்போனது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து, குடோன் முதலாளியையும் அவன் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பெட்டிதான் பாப்பா," என்றான் அண்ணன் தலையணைக்குள்ளிருந்து. "உள்ள இரும்புப் பல்சக்கரமாம். எனக்கென்ன ஜோசியமா தெரியும்? லேபிள்ல ஒண்ணும் போடல. ஒத்த ஆளாத் தூக்கினேன். இடுப்புல சடக்குன்னுச்சு."

கூட வேலை பார்ப்பவன் உரித்துக் கொண்டுவந்த லேபிள் தங்கையின் கையில் இருந்தது. நீளமான முகவரி. அதற்குக் கீழே வரவேண்டிய 'இருவர் தூக்கவும்' இல்லை. காகிதம் முடிகிற இடத்தில் அந்த எழுத்துகளின் உச்சந்தலை மட்டும் கறுப்புப் புள்ளிகளாக எட்டிப் பார்த்தது.

இந்த லேபிளை அச்சடிக்கும் மென்பொருள், அவளும் இன்னும் சிலரும் பிழைப்பு வேலை போக மீந்த நேரத்தில் எழுதியது. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். "என் தங்கச்சி போட்டதுங்க" என்று மேலாளரை நச்சரித்து அதைக் குடோனுக்குள் கொண்டுவந்ததே அண்ணன்தான்.

முகவரி நீண்டால் கடைசி வரி விழுந்துவிடும் என்பது குழுவுக்குப் புதிதல்ல. போன வருஷமே யாரோ சொல்லியிருந்தார்கள். குழுவின் இணையப் பட்டியலில் அந்தப் பழுதின்மேல் 'மாணவருக்காக ஒதுக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். கோடையில் கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கொரு வழிகாட்டியைப் போட்டு வேலை பழக்குவார்கள். அதற்குத் திட்டங்களை முன்மொழிய வேண்டும். சின்னதாய், தெளிவாய், புதுக் கை கெடுத்துவிடாதபடி ஒரு பழுது கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் மூத்தவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. அவளும் அந்தச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவள்தான்.

அன்று மாலையே இந்த வருஷத் திட்டங்களை முடிவு செய்யும் கூட்டம். அடுக்களை மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றபடியே சேர்ந்தாள். குழுவில் வேலை பிரித்துக் கொடுப்பவருக்கு மேஸ்திரி என்று பட்டப்பெயர். ஆயுளில் ஒரு செங்கல்லைத் தொட்டவரல்ல.

"அடுத்தது, லேபிள் கடைசி வரி," என்றார். "அல்வா மாதிரி திட்டம். பிள்ளைங்க ரசிச்சுப் பண்ணுவாங்க."

"அத இப்பவே சரிபண்ணணும் சார்."

"பண்ணிட்டா மாணவருக்கு என்னம்மா மிச்சம்?"

"எங்க அண்ணன் முதுகு மிச்சம்." லேபிளைக் காமிராவுக்கு நேரே பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தம்தான். ஆனா ஒரு பொண்ணு ஏற்கனவே விண்ணப்பம் போட்டிருக்கு. அவங்க வீட்டுல காலேஜ் பாத்த முதல் ஆள். இந்தத் திட்டத்த நம்பித்தான் முழுசா எழுதியிருக்கு. நீங்க கை வச்சா அது வயித்துல அடிச்ச மாதிரி. கோடை வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. தானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள். மைக்கை அணைத்துவிட்டு, விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, நான் அத எப்பவோ முடிச்சிட்டேனே!"

"எத?"

"அந்தத் திருத்தத்ததான். சாருக்கும் அனுப்பினேன். 'தேர்வான பிறகு குடு, இப்ப வெளிய காட்டினா உன் திட்டம் போயிடும்'னாரு. நான் யாருக்கா, மாட்டேன்னு சொல்ல? இப்ப அனுப்பட்டுமா? திட்டம் போனாப் போகுது."

"உன் பேர்லயே அனுப்பு."

மைக்கைத் திறந்தபோது அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. "மருந்தக் கையில வச்சுக்கிட்டு, பிள்ளைங்க பழகணும், அதுவரைக்கும் நோயாளி கிடக்கட்டும்னு பூட்டி வச்சிருக்கீங்க. சொல்லுங்க சார், அந்தப் பொண்ணு குடுத்தத எங்க வச்சிருக்கீங்க?"

"கோபத்துல பேசாதீங்க. நாம இலவசமாத்தானே செய்றோம்? யாரும் நம்மளக் கேள்வி கேக்க முடியாது."

"இலவசமா? தூக்குறவன் முதுகும் இலவசமா சார்? அத யார் உங்களுக்கு அன்பளிப்பாக் குடுத்தது?"

திருத்தம் வந்து சேர்ந்தது. படித்தாள், ஓட்டிப் பார்த்தாள். நீளமான முகவரி ஒடுங்கி இடம்விட, கடைசி வரி முழுசாக வந்து உட்கார்ந்தது. அந்தப் பெண்ணின் பெயரிலேயே சேர்த்தாள். சீட்டைப் பிய்த்தாள். புதிய பதிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்குத் திட்டம்?" மேஸ்திரியின் குரலில் குத்தல் இருந்தது.

பதிலைக் கூட்டத்தில் எல்லோர் திரையிலும் தெரியும் பலகையிலேயே தட்டினாள்: 'மாணவருக்கென்று நாம் பூட்டி வைத்திருக்கும் பழுதுகளை வெளியே இழுத்துப் போடுதல். எதில் யார் அடிபடுவார் என்று சுமை தூக்குகிறவர்களிடமே கேட்டு, அதை முதலில் தீர்த்தல். வழிகாட்டி: நான்.'

"வாக்கெடுப்புக்கு விடணும்," என்றார் மேஸ்திரி.

"விடுங்க. யார் யார் கை தூக்கலன்னு நானும் பாக்குறேன்."

உள்ளேயிருந்து அண்ணன் கேட்டான். "பாப்பா, யார்கிட்ட இப்படிக் கத்துற? முதலாளிகிட்டயா?"

"இல்லண்ணே. எங்க ஆளுங்கதான். இது எங்க தப்பு. முன்னாடியே தெரியும்."

அண்ணி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அப்ப இவ்வளவு நேரம் நான் தப்பான ஆளையா திட்டிட்டிருந்தேன்?"

"அவனையும் விடாதீங்க அண்ணி. எங்களையும் சேர்த்துத் திட்டுங்க. என்னையும்."

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளையும் விடவில்லை.