சாம்பல் நிறத்தை விழுங்காத இயந்திரம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

"எழுதுங்க, வேணாங்கலை. ஆனா அவர் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார் அந்த வீட்டு சிசுரு. ஆகவே நாகாமி என்று இதில் வருகிறவரின் பெயர் நாகாமி அல்ல. அவருக்கு வலிக்கும் இடமும் முழங்கால் அல்ல. மற்றதெல்லாம் ஜப்பானின் இந்த யோனாகோ நகரத்தில், போன செப்டம்பரில் நடந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மலைக்கும் கடலுக்கும் நடுவே மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு—"

வேண்டாம். அன்று மழையே இல்லை.

இரண்டாவது: "ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண்மணி ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கப் புறப்பட்டார்." இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. வரட்டும். சிசுருவின் கணவர் மொதோயும் சிரித்தார்.

"மியூசியத்துக்குப் போய்க் கேட்டுப் பாரு. சும்மாவே குடுப்பாங்க."

"குடுப்பாங்கதான். பதிலுக்கு உங்களைக் கேட்டாங்கன்னா?"

2

சிசுரு ஓட்சுபோ, தனியே வாழும் முதியவர்களுக்கு ஏற்பாடுகள் செய்து தருபவர். யார் எந்தக் கிழமை வந்து குளிப்பாட்டுவது, எந்த மருத்துவர் வீட்டுக்கு வருவது, கைப்பிடி எங்கே பொருத்துவது என்று ஒவ்வொருவருக்கும் திட்டம் போட்டு, எல்லோருக்கும் தாள் அனுப்பி, நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பதினாறு வருடம் ஓர் அலுவலகத்தில் இதைச் செய்தார்.

நாகாமி அவருடைய ஆட்களில் ஒருவர். எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் பேருந்துகளின் பக்கவாட்டில் விளம்பரம் வரைந்தவர். தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. தொலைபேசி அவருக்கு உதவாது. எனவே வாரம் இருமுறை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். அதில் எழுத்து குறைவு. ஒரு காலை வரைந்து, வலிக்கும் இடத்தில் பென்சிலால் நிழல் போட்டிருப்பார். லேசான வலிக்கு லேசான நிழல், கடுமையானதற்கு அடர்ந்த நிழல். சிசுரு அதை மருத்துவருக்கு அனுப்புவார்; மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

போன கோடையில் அலுவலகம் ஃபேக்ஸை எடுத்துவிட்டது. இனி எல்லாம் திரையில். வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். நாகாமி கடைசி ஃபேக்ஸில் இப்படி எழுதினார்: "ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலை. நிழல் போட்டாத்தான் எனக்கே தெரியுது."

சிசுரு மேலாளரிடம் மூன்று முறை பேசினார். நான்காவது முறை விலகல் கடிதத்தோடு போனார்.

[இந்த இடத்தில் பெரிய பேச்சு ஒன்றை அவர் வாயில் வைத்திருந்தேன். மேலாளர் வாயடைத்து நிற்பார். உண்மையில் அவர் சொன்னது, "அப்போ நான் வீட்டிலேயே பாத்துக்கறேன்." பேச்சை அடித்துவிட்டேன்.]

வீட்டின் சின்ன அறை அலுவலகமாக வேண்டும். அச்சு, நகல், ஃபேக்ஸ் மூன்றையும் ஒரே இயந்திரம் செய்ய வேண்டும். அதற்கு முப்பதாயிரம் யென்தான் ஒதுக்க முடிந்தது. என் காரின் பின்பக்கம் பெரியது என்பதால் நானும் கூடப் போனேன்.

3

கதைக்கு வில்லன் ஒருவன் தேவைப்பட்டான். கடை விற்பனையாளர் கதோவாகியை அப்படித்தான் முதலில் எழுதினேன்: எண்ணெய் வழியும் சிரிப்பு, விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கும் அவசரம். மூன்று பத்தி ஆன பிறகு சிசுருவிடம் அவர் மொழியில் சொல்லிக் காட்டினேன்.

"அந்த மனுஷனையா? ரெண்டு மணி நேரம் நமக்காகத் தரையில குந்தியிருந்தாரே! எழுதறவங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

ஆகவே உள்ளபடியே எழுதுகிறேன். கதோவாகிக்கு அறுபதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே தேடுகிறவர்.

"என்ன வேலைக்கும்மா?" என்றார்.

சிசுரு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாகாமியின் தாள் இல்லை. அதைக் கடைக்குக் கொண்டுவர சிசுரு சம்மதிக்க மாட்டார். முந்தின நாள் தன் காலையே பார்த்து வரைந்திருந்தார். கால் கத்தரிக்காய் போலிருந்தது. ஆனால் முழங்காலில் மூன்று நிழல்கள்: லேசாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அடர்ந்து ஒன்று.

"இந்த மூணும் மூணாவே போய்ச் சேரணும். எந்த மெஷின் அதைச் செய்யுமோ அது வேணும்."

கதோவாகி கண்ணாடியை இறக்கித் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "முப்பது வருஷமா விக்கறேன். நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்னு கேப்பாங்க. இப்படி யாரும் கேட்டதில்ல. இருங்க, ஒயர் எடுத்துட்டு வர்றேன்."

கடையின் இரண்டு உள் தொலைபேசி இணைப்புகளை இழுத்துவந்து, ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்க்க வழி செய்தார். [ஃபேக்ஸ் வாங்கும் கதையில் பரபரப்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு: அந்தத் தாள் ஊர்ந்து வெளியே வந்த இருபது விநாடியில் நான் மூச்சு விட மறந்தேன்.]

இருப்பதில் மலிவானது முதலில். மூன்று நிழலும் ஒரே கறுப்பாக வந்தன.

"இதுல எனக்கு முழங்கால் தீப்பிடிச்சு எரியுது" என்றார் சிசுரு.

அடுத்தது லேசர். படபடவென்று துப்பியது, எழுத்து பளிச்சென்று இருந்தது. லேசான நிழலைக் காணோம்; நடுத்தரம் பாதி காணோம்.

"இதுல வலியே இல்ல. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷமாயிருக்கும்."

கதோவாகி குனிந்து, கீழ்த்தட்டின் பின்னாலிருந்து ஒன்றை இழுத்தார். போன வருடத்து மாடல். பழுப்பு கலந்த வெள்ளை, பார்க்க ரொட்டிப் பெட்டி போலிருந்தது. "அழகில்லம்மா. மெதுவாத்தான் போகும். ஆனா ஃபேக்ஸ்லயே போட்டோவுக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு."

அந்தப் பட்டனை அழுத்தி அனுப்பினார்கள். தாள் வந்தது. புள்ளி புள்ளியாக, ஆனால் மூன்று சாம்பல் நிறங்கள், மூன்றும் தனித்தனியாக.

சிசுரு துள்ளவில்லை. "மை என்ன விலை?" என்று கேட்டார். பரவாயில்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்டதுதான் நான் இன்றுவரை வியப்பது.

"நான் வெளியில போயிருக்கும்போது தாள் தீர்ந்துபோய், அதே நேரம் கரெண்டும் போயிடுச்சுன்னா, அதுக்கு முன்னாடி வந்த பக்கம் என்னாகும்?"

"மெமரியில நிக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் என் வீட்டுக்கு வராதே. நீங்க பாத்திருக்கீங்களா?"

கதோவாகி சுற்றும் முற்றும் பார்த்தார். தாள் தட்டை உருவினார். ஒரு பக்கத்தை அனுப்பினார். உள்வாங்கிக்கொண்டது. பிறகு, "மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்காரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ப்ளக்கைப் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. பத்து நிமிடம் மூவரும் தரையில் உட்கார்ந்து ஓர் இறந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பச் செருகித் தாளை வைத்ததும் அது முனகிக்கொண்டே கத்தரிக்காய்க் காலைக் கக்கியது.

கதோவாகி கை தட்டினார். கடைக்குள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

4

இப்போது முடிவு.

சனிக்கிழமை நண்பகல். சின்ன அறையில் ரொட்டிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. புது ஃபேக்ஸ் எண்ணைக் கடிதத்தில் எழுதி நாகாமிக்கு அனுப்பி இரண்டு நாள் ஆகிறது. மணி அடிக்கிறது.

(அ) முழுவதும் வெள்ளையான ஒரு தாள் வருகிறது. சிசுரு காரை எடுத்துக்கொண்டு— எழுதி, கிழித்துவிட்டேன். வாசகரின் கண்ணீருக்காக ஒரு நல்ல மனிதரைத் தரையில் வீழ்த்துவது மலிவு.

(ஆ) நிழலே இல்லாத கால் வருகிறது, குணமாகிவிட்டார். இது மருந்துக்கடை விளம்பரம்.

(இ) நடந்தது. தாள் வந்தது. நான் அதே அறையில் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். சிசுரு அதை எடுத்து, முதுகை எனக்குக் காட்டித் திரும்பி, மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி படித்தார். தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"என்ன எழுதியிருக்காரு?" என்றேன்.

"அது அவருக்கும் எனக்கும்."

"கதைக்கு ஒரு முடிவு வேணுமே."

"நீங்களே போட்டுக்குங்க. அவரைக் கொன்னுடாதீங்க, அவ்வளவுதான். இப்போ கொஞ்சம் வெளியில இருங்க, டாக்டருக்கு அனுப்பணும்."

கதவு சாத்திக்கொண்டது. சமையலறையில் மொதோய் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"என்ன வந்துச்சாம்?"

"சொல்லலை."

"எங்கிட்டயும் சொல்ல மாட்டா" என்றார். "கட்டிக்கிட்டு இருபத்தேழு வருஷம். இந்த ஊர்ல பாதிப் பேரோட வலி அவளுக்குத் தெரியும். ஒண்ணுகூட இந்த வீட்டுல என் காதுல விழுந்ததில்ல." பெருமையை மறைக்க இன்னொரு பேரிக்காயை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

உள்ளே இயந்திரம் மெதுவாக ஓடும் சத்தம் கேட்டது. அந்தப் பட்டனை அழுத்தியிருப்பார். சாம்பல் நிறங்கள் ஊரின் மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை, எவ்வளவு அடர்த்தி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் நான் சொல்லித்தான் இருப்பேன். அது தெரிந்துதான் அவர் கதவைச் சாத்தினார்.