தாத்தாவின் முதுகு

"தாத்தாவுக்கு இருக்கறது தாடியே இல்லை" என்று வெளியூர்ப் பெண் ஒருத்தி சொன்ன வினாடியில், சலூன்காரர் தைலத்தின் சவரக்கத்தி ஊர்ச் சேர்மனின் தொண்டைக்குழி மேல் இருந்தது.

கத்தி நின்றது. சேர்மனின் மூச்சும் நின்றது.

"அசையாதீங்க சார்" என்றார் தைலம்.

"நான் எங்கய்யா அசையறேன்? நீ அசையாம இரு!" என்றார் சேர்மன், உதட்டைப் பிரிக்காமல்.

தாத்தா என்றால் யாருடைய தாத்தாவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புல்மேட்டின் உச்சியில் நிற்கும் கல். ஆள் உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு சாண் உயரம். இந்தப் பக்கம் எழுத்து என்று ஒன்று வந்து சேர்வதற்கு முன்னாலேயே எவரோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனது. மேலே கண் மாதிரி இரண்டு குழி, நடுவில் மூக்கு மாதிரி ஒரு மேடு, அதற்குக் கீழே வளைவு வளைவாகச் சரியும் கோடுகள். அந்தக் கோடுகள்தான் தாடி. தாடி இருந்ததால் அவர் தாத்தா. தாத்தா இருந்ததால்தான் அது ஊர். இல்லாவிட்டால் பஸ் டீசல் போட நிற்கிற இடம்.

ஊரில் தாத்தா லாட்ஜ் இருந்தது. தாத்தா டயர்ஸ் இருந்தது. பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்குத் தாடிப்படை என்று பெயர். எதிரணி கோல் போட்டால் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டதாகக் கத்துவார்கள். ஊர் எல்லையில் சிமெண்டில் ஒரு வரவேற்பு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. அதில் தாடி மட்டுமே இரண்டு லாரி அகலம்.

இத்தனையிலும் தாத்தாவை நம்பிப் பிழைத்தவர்களில் முதல் ஆள், இந்தச் சலூன்காரர். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுப் பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் தைலம். காரணம், அவர் காய்ச்சி விற்கும் 'தாத்தா தாடித் தைலம்'. பாட்டில் மேல் தாத்தாவின் படம், கீழே 'நாலாயிரம் வருடமாக உதிராத தாடி' என்ற வாசகம். சுற்றுலா பஸ்ஸில் வருகிற இளவட்டங்கள் கல்லைப் பார்த்த கையோடு இறங்கி வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போவார்கள். முடி வெட்டி வந்த வருமானத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினார். தைலத்தில் வந்ததை வைத்து மாடி கட்டினார்.

அந்த மாடிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது, முதுகில் பை மாட்டிய ஒரு ஆராய்ச்சிப் பெண்ணின் உருவத்தில்.

"தாடி இல்லேன்னா அது என்ன மேடம், பனியனா?" என்றார் தைலம்.

"கழுத்து ஆரம்னு நினைக்கறேன் அண்ணா. அடுக்கடுக்கா மணி கோத்த ஆரம். அப்படிப் பாத்தா அது தாத்தா இல்ல, பாட்டி. ஆனா முன்பக்கத்தை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. அதுக்குத்தான் சேர்மன் சாரைத் தேடி வந்தேன். கல்லோட முதுகைப் பாக்கணும். அந்த டிக்கெட் கூண்டை நகர்த்தித் தருவீங்களா சார்?"

விஷயம் இதுதான். தாத்தாவின் முதுகை ஊரில் எவரும் பார்த்ததில்லை. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான், வெயிலுக்கு நிழலாக இருக்கட்டுமென்று கல்லின் முதுகோடு ஒட்டி இரும்புக் கூண்டை நிறுத்தி, கீழே கான்கிரீட்டும் போட்டுவிட்டார். படம் எடுப்பவர்கள் எல்லோரும் முன்னால் நின்றே எடுத்தார்கள். தாத்தாவுக்கு ஒரு முதுகு உண்டு என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது.

"நகர்த்தலாமே" என்றார் சேர்மன், கத்தி விலகிய தைரியத்தில். "தீர்மானம் போடணும். அதுக்குக் கூட்டம் கூட்டணும். கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டான், வந்தவன் அடிச்சுக்குவான். நீங்க எப்பக் கிளம்பறீங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

"அதுக்குள்ள முடியாதே" என்றார் சேர்மன், மிகுந்த சந்தோஷத்தோடு.

"அப்ப அறிக்கையில 'ஆணா பெண்ணா என்று சொல்வதற்கில்லை'ன்னு எழுதிடறேன்."

சேர்மனின் சந்தோஷம் நுரையோடு சேர்ந்து வழிந்தது. சொல்வதற்கில்லை என்ற ஒன்றைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்?

சேர்மனின் மறுகன்னம் முடிவதற்குள் செய்தி எதிர்க்கடைக்குப் போய்விட்டது. எதிர்க்கடை, கவரிங் நகைக்கடை. அதன் முதலாளி, தைலத்தின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். இரண்டு கதவு அகலத்துக்கு உடம்பும், தெருவின் அகலத்துக்குக் குரலும் கொண்டவர்.

"மாப்ளே! தாத்தா போயிட்டாராமே! துக்கம் விசாரிக்கலாம்னு வந்தேன்."

"குத்துக்கல்லாத்தான் நிக்கறாரு மச்சான். இத்தனை வருஷம் இடிக்கும் மழைக்கும் அசையாதவரு, உங்க வாய்க்கா அசையப்போறாரு?"

"நிக்கறாரு மாப்ளே, நான் இல்லேங்கல. ஆனா கழுத்து நிறைய நகை போட்டுக்கிட்டு நிக்கறாரு. நாளைக்கே 'பாட்டி ஆரம்'னு போர்டு மாட்டிடுவேன். உன் தைலத்தை என்ன செய்யறதா உத்தேசம்? கதவுக் கீலுக்குப் போட்டா கிரீச் சத்தம் நிக்குமா?"

உள்ளறையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி எட்டிப்பார்த்தாள். "அண்ணா, நீ சும்மா இருக்கமாட்டியா?"

"உங்க அண்ணன் சும்மா இருந்த ஒரே ஒரு நாளைச் சொல்லு, கேக்கறேன்" என்றார் தைலம். பிறகு மச்சானைப் பார்த்து விரலை நீட்டினார். "தாடி முன்பக்கம்தான் வளரும். ஆரம்னா முதுகுப்பக்கமும் சுத்தி வரணும். சரியா? பின்னாடி ஒரு கோடு, ஒரே ஒரு கோடு இருந்தாலும், நான் கடைக்கு முன்னால நின்னு பாட்டி வாழ்கன்னு கத்தறேன். இல்லேன்னா, நீங்க நம்ம சலூன்ல வந்து உக்காந்து, ஊர் பாக்க, தாத்தா தாடித் தைலத்தை உங்க வழுக்கையில தேச்சுக்கணும்!"

"ஓகே" என்றார் மச்சான்.

மறுநாள் காலை புல்மேட்டில் எல்லோரும் கூடினார்கள். ஆராய்ச்சிப் பெண் கோலில் கேமராவைக் கட்டிக் கூண்டுக்கும் கல்லுக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள். பச்சையும் கறுப்புமாகப் பாசி, வேறொன்றும் தெரியவில்லை. யாராவது உள்ளே போய் விரலால் தடவிப் பார்த்தால்தான் உண்டு. மச்சான் தோளைச் செருகிப் பார்த்தார். தோள் போயிற்று, மற்றதெல்லாம் வெளியே மாட்டிக்கொண்டது. பிறகு எல்லோருடைய பார்வையும் தைலத்தின் மேல் விழுந்தது. அவர் தன் கடைச் சீப்பை நிற்க வைத்த மாதிரி இருப்பவர்.

"நான் போறேன்" என்றார் தைலம், போருக்குப் போகிற குரலில்.

"தடவிப் பாருங்க அண்ணா, போதும். சுரண்டாதீங்க, எதுவும் பூசாதீங்க. கல்லு அவ்வளவு பழசு."

"என்ன மேடம், நான் குழந்தையா?"

உண்மையில், அவருடைய ஏப்ரனுக்குள் நுரைக் கிண்ணமும் பிரஷும் ஈரத் துண்டும் இருந்தன. வேண்டுமென்று செய்த துரோகம் அல்ல அது, தொழில்புத்தி. நுரை போடாமல் எந்த முகத்தையும் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. கன்னத்தில் எங்கே குழி, எங்கே தழும்பு என்பதையெல்லாம் நுரைதான் காட்டிக்கொடுக்கும். கல்லுக்கும் அதுதானே? பின்பக்கம் பளிங்கு மாதிரி வழவழவென்று இருப்பதைச் சந்தேகமில்லாமல் பார்த்துவிட்டு வந்து, மச்சானின் வழுக்கையில் கை வைக்க வேண்டும்.

மூச்சை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நழுவி உள்ளே போனார்.

உள்ளே ஆளைத் தின்னும் இருட்டு. மூக்கு கல்லில் இடித்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பிரஷைக் கிண்ணத்தில் சுழற்றி, தாத்தாவின் பிடரியிலிருந்து ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் குனிங்க" என்றுகூட டார்ச்சோடு முனகிவிட்டார். பாசி கரைந்தது. துண்டால் ஒரே இழுப்பு.

டார்ச் வாயிலிருந்து விழப் பார்த்தது.

மேல்நுரை போய், பள்ளத்து நுரை மட்டும் தங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று கோடுகள். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை, அடுக்கடுக்காக, ஒரு மணி பிசகாமல். அது போதாதென்று அதன் நடுவே, பிடரியிலிருந்து இடுப்புவரை தொங்கியது ஒரு பின்னல். மூன்று கால் எடுத்துப் போட்ட, முடிச்சு வைத்த, அப்பழுக்கில்லாத பின்னல்.

'என்ன கைவேலை!' என்றது தைலத்துக்குள் இருந்த தொழிலாளி.

'போச்சு' என்றது அவருக்குள் இருந்த முதலாளி.

துண்டால் அழிக்கப் பார்த்தார். அழிக்க அழிக்கப் பள்ளத்து நுரை பொங்கி வெளியே பிதுங்கி, கோடு இன்னும் பளிச்சென்று ஆயிற்று. அதற்குமேல் அதைப் பார்க்கத் துணிவில்லை. கஷ்டப்பட்டுத் திரும்பி, கல்லின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கண் முன்னால் கூண்டின் துருப்பிடித்த தகடு. அதில் பரண் நிறைய அடுக்கியிருக்கும் தைல பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வழுக்கையைத் தடவிச் சிரிக்கும் மச்சான் தெரிந்தார்.

"மாப்ளே! உள்ளயே குடித்தனம் பண்றியா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

உள்ளே வந்தது நான் ஒருவன். பார்த்தது நான் ஒருவன். சாயங்காலம் மழை பெய்தால் நுரையும் போய்விடும். தைலம் முடிவு செய்துவிட்டார். கிண்ணத்தைக் கூண்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "சுத்தமா மொட்டை. ஒரு கீறல்கூட இல்ல."

"தாத்தா வாழ்க!" என்று சேர்மன் கையைத் தூக்கினார். மச்சானின் உடம்பு காற்றுப் போன டயராகத் தளர்ந்தது. ஆராய்ச்சிப் பெண் பேனாவை எடுத்து, "ஏமாற்றம்தான். ஆனா உண்மைன்னா உண்மைதானே. ரொம்ப நன்றி அண்ணா" என்றாள். அந்த நன்றி தைலத்தை எங்கேயோ குத்தியது. முகத்தைக் காட்ட முடியாமல், "சரி, கடை திறந்து கிடக்கு" என்று திரும்பி நடந்தார்.

இரண்டடி போயிருப்பார்.

"ஏங்க" என்றாள் மனைவி. "நில்லுங்க. உங்க முதுகுல என்ன?"

கருநீலச் சட்டை. அதன் மேல் வெள்ளை நுரையில், தோளோடு தோளாக அடுக்கடுக்காய் ஆரம். நடுமுதுகில் நீளமாக ஒரு பின்னல். தாத்தாவின் முதுகு அப்படியே சலூன்காரரின் முதுகில் இறங்கி வந்து நின்றது.



"அண்ணா! அசையாதீங்க!" என்று அலறிக்கொண்டு கேமராவோடு ஓடிவந்தாள் ஆராய்ச்சிப் பெண். கிட்டே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள். "இது என்ன, ஷேவிங் க்ரீமா? கல்லு மேலயா பூசினீங்க? உங்களை என்ன செய்யறதுன்னே தெரியல! அசையாதீங்கன்னு சொன்னேனே!"

திட்டிக்கொண்டே எடுத்தாள், எடுத்துக்கொண்டே திட்டினாள். மேட்டில் கூடியிருந்தவர்களும் ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். தைலம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றார். அன்று பார்த்து எல்லா பஸ்ஸும் தாமதம். காத்திருந்தவர்களுக்கு வேடிக்கை பார்க்க வேறொன்றும் இல்லை.

"மாப்ளே" என்றார் மச்சான், அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில். "உனக்கு ஜடை ரொம்ப எடுப்பா இருக்குடா!"

சேர்மன் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. சற்று யோசித்தார். "பாட்டி வாழ்க!" என்றார். "நான் அப்பவே நினைச்சேன். அந்தக் கம்பீரம் ஆம்பளைக்கு வராது." உடனே போனை எடுத்து, வளைவில் இருக்கும் சிமெண்ட் தாடியில் மணி மணியாகக் குழி போட முடியுமா என்று கொத்தனாரைக் கேட்டார்.

அந்தப் பெண் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, வெறும் தண்ணீராலும் பஞ்சாலும் கல்லைக் கழுவி முடிப்பதற்குள் தைலத்தின் விரல் ஊறிப்போயிற்று. கல்லுக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வீட்டில் அந்த மூச்சுக்கும் வழியில்லை. மனைவி தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. படுக்கப் போகும்போது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"நுரை போட்டது பரவாயில்ல. அது உங்க கிறுக்கு. எங்க அண்ணனை அத்தனை பேர் முன்னால பொய்யனாக்கப் பாத்தீங்களே, அதைத்தான் தாங்க முடியல."

"மாடிக்காகத்தான் அப்படி..."

"நான் மாடி கேட்டேனா?"

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது.

விடிந்ததும் தைலம் கடைக்கு முன்னால் நின்று, தெருவைப் பார்த்து, "பாட்டி வாழ்க" என்றார். காதில் விழுந்ததாக மச்சான் ஒப்புக்கொள்ளாததால், இன்னொரு தடவை கத்த வேண்டியிருந்தது.

பத்து மணி பஸ்ஸில் ஓர் இளைஞன் வந்தான். மோவாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. அவனுக்கு ஊர்க்கதை எதுவும் தெரியாது.

"அண்ணா, நாலாயிரம் வருஷத் தாடித் தைலம்னு சொல்றாங்களே, இதுதானா?"

தைலம் பாட்டிலை எடுத்தார். வாசலில் மச்சான். உள்ளறைக் கதவில் மனைவி. வாய்வரை வந்த பழைய வாசகத்தை அவர் விழுங்கினார்.

"தம்பி, அது தாத்தா இல்ல, பாட்டி. தாடி இல்ல, ஆரம். நேத்துத்தான் தெரிஞ்சுது."

"ஓ... அப்ப இந்தத் தைலம் போட்டா முடி வளருமா, வளராதா?"

"சத்தியமாத் தெரியாதுப்பா. முகம் பளபளன்னு இருக்கும், வாசனையா இருக்கும். அதுக்கு நான் கேரண்டி. பாட்டிக்குப் பின்னல் பிரமாதமா இருக்கு, நானே கண்ணால பாத்தேன். ஆனா அவங்க என்கிட்ட தைலம் வாங்கினதில்ல."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "எதைச் சொன்னா விக்கும்னு பாக்காம, இப்படிச் சொல்ற கடைக்காரரை இப்பத்தான் பாக்கறேன். ரெண்டு குடுங்க." பிறகு போனைப் பார்த்தான், அவரை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா! இந்தப் படத்துல இருக்கற முதுகு உங்களுதா? காலையிலேர்ந்து எல்லாரும் இதைத்தான் அனுப்பிட்டிருக்காங்க! கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன், ஒரே ஒரு போட்டோ!"

தைலம் முறைத்தார். பிறகு, என்ன செய்வது, திரும்பி நின்றார்.

சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான். அதில் பையன் தெரிந்தான். வாசலை அடைத்துக்கொண்டு, தானும் படத்தில் விழ வேண்டுமென்று வயிற்றை உள்ளிழுக்கும் மச்சான் தெரிந்தார். இன்னொரு கண்ணாடியில், உள்ளறைக் கதவோரம், நேற்றிலிருந்து அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனைவி, லேபிள் தாளால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள்.

"நல்லா நிமிர்ந்து நில்லுங்க" என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்து. "பாட்டி கூன் போட்டா நல்லாவா இருக்கும்?"